பதினேழாம் நம்பர் முத்திரை

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் மிஷினில் உட்கார்ந்தபோது மூன்று சூப்பர்வைசர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். அதில் ஒருத்தர் கடைசிவரை என் கண்ணில் படாமல் அடுத்த லைன் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போவார். இவ்வளவு வாய் இருக்கிறவள், பேசியே ஆக வேண்டிய ஒரு நாளில் வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல உட்கார்ந்திருந்தேன். அந்த நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஷூ ஆர்டர் குறைந்து, வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று ஆனபோது, வேலூரைத் தாண்டி ஹைவே ஓரத்தில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். விமானத்துக்குக் கேபிள் கட்டுகிற கம்பெனி. விமானம் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்மை எதற்கு எடுக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். ஆனால் அவர்கள் தேடியதே எங்களை மாதிரி ஆட்களைத்தான். ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைத்த பெண்களுக்குக் கை நடுங்காது, கண் தப்பாது, எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்காருவார்கள் என்று அந்த சாருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். சார் என்றால் அந்தக் கம்பெனியை நடத்துகிறவர். பெங்களூரில் விமான வேலை பார்த்துவிட்டு வந்து, இங்கே நாற்பது பேரை வைத்துத் தொடங்கியிருந்தார்.

நானும் ஆபாவும் ஒரே நாளில் சேர்ந்தோம். ஆபா என்றால் உருதுவில் அக்கா. ஷூ லைனில் பன்னிரண்டு வருஷமும் என் பக்கத்து மிஷின் அவளுடையது. எல்லோருக்கும் அவள் ஆபாதான். என்னைவிட மூன்று வயது பெரியவள். நான் கத்த ஆரம்பித்தால், மேஜைக்கு அடியில் என் காலை மெதுவாக மிதிப்பாள். அதோடு அடங்கிவிடுவேன். கணவர் இறந்துபோய் ஆறு வருஷம் ஆகிறது. இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

வேலையைச் சொன்னால்தான் நடந்தது புரியும். விமானத்துக்குள்ளே ஒரு கருவி இன்னொரு கருவியோடு பேசுவதற்குக் கேபிள் ஓடுகிறது. சுண்டுவிரல் தடிமனில் பாதிகூட இருக்காது. மேலே மெல்லிய தோல். தோலுக்குக் கீழே, தலைமுடி மாதிரி மெல்லிய கம்பிகளால் பின்னிய ஒரு வலை. அதை ஷீல்டு என்பார்கள். வலைக்குள்ளே வெள்ளை ஒன்று, நீலம் ஒன்று, இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கிடக்கும். பேச்சு ஓடுவது அந்த இரண்டு கம்பியில்தான். வெளியிலிருந்து வருகிற இரைச்சல் அந்தப் பேச்சில் கலந்துவிடாமல் காப்பது வலை.

அந்தக் கேபிளின் முனையில் கனெக்டர் மாட்டுவதுதான் எங்கள் வேலை. வலையில் கீறல் விழாமல் தோலை உரிக்க வேண்டும். வலையை ஊசியால் பிரித்து, சிக்கெடுத்து, ஒரு சின்ன உலோக வளையத்தின் மேல் சுற்றிலும் படிய வைக்க வேண்டும். அதன் மேல் இன்னொரு வளையத்தைத் தள்ளி, கிரிம்ப் டூலால் அழுத்திக் கவ்வ வைக்க வேண்டும். உள்ளே இருக்கிற ஜோடியின் முறுக்கைத் தேவைக்கு மேல் பிரிக்கக் கூடாது. முனையில் பின் மாட்டி கனெக்டருக்குள் தள்ளினால் டக்கென்று ஒரு சின்னச் சத்தம் வரும். அந்தச் சத்தம் காதில் விழவில்லையென்றால் எடுத்துத் திரும்பப் போட வேண்டும். எல்லாம் பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழேதான். முதல் மாதம் எனக்குக் கனவில்கூட வெள்ளையும் நீலமும்தான் வந்தது.

இந்த வேலைக்கு ஒவ்வொருத்திக்கும் ஒரு நம்பர் முத்திரை உண்டு. கண் டெஸ்ட், கை டெஸ்ட், எழுத்துப் பரீட்சை எல்லாம் தேறினால்தான் கிடைக்கும். முடித்த கேபிள் துண்டு ஒவ்வொன்றோடும் ஒரு கார்டு போகும். அதில் ‘இந்த வேலையைச் செய்தவர்’ என்ற இடத்தில் முத்திரையைக் குத்த வேண்டும். எனக்குப் பதினாறு. ஆபாவுக்குப் பதினேழு. முத்திரை இல்லாதவள் அந்த மேஜையில் உட்கார முடியாது.

முத்திரை கையில் வாங்கிய அன்று ஆபா அதை உள்ளங்கையில் குத்திப் பார்த்தாள்.

“பன்னெண்டு வருஷம் தச்சேன். எந்த ஷூலயாவது நான் தச்சேன்னு இருந்துச்சா? இப்ப பாரு, பதினேழுன்னா நான்தான்.”

அன்று சாயங்காலம் வேனில் ஆம்பூர் வரும்வரை அந்தக் கையை அவள் கழுவவில்லை. நான் கிண்டல் பண்ணினேன். உள்ளுக்குள் எனக்கும் அதே பெருமைதான்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். புதிதில் எங்கள் எல்லோரையும் பேஜார் பண்ணியது அந்த மேல் வளையம். வலை படிந்த இடம் தடித்து நிற்கும். வளையம் ஏறாது. ஏறினாலும் பாதியில் சிக்கும். எடுத்துத் திரும்பவும் வலையை நீவ வேண்டும். ஒரு துண்டுக்கு அரை மணி நேரம் போய்விடும்.

தோல் வேலையில் இதற்கு வழி இருக்கிறது. தோலின் ஓரத்தை அப்படியே மடித்தால் மடித்த இடம் தடியாக வரும். அதனால் மடிப்பதற்கு முன்னால் ஓரத்தைச் சாய்வாகச் சீவி மெல்லிசாக்குவோம். ஆம்பூரில் இது தெரியாத ஆள் கிடையாது. சீவாமல் மடித்தால் அது வேலையே இல்லை, முகத்தில் விட்டெறிவார்கள். ஒரு நாள் வளையம் நான்கு முறை ஏறாமல் அடம் பிடித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் பிளேடு இருந்தது. வலையின் அடியில், மூன்று இழைக்கு ஓர் இழை என்று சாய்வாகச் சீவி எடுத்தேன். வளையம் வழுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தது. மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. மீட்டரில் வைத்தார்கள், தேறியது. தரம் பார்க்கிற கியூசியில் பார்த்தார்கள், தேறியது.

யாரையும் ஏமாற்ற நினைத்து அதைச் செய்யவில்லை. வேலையைச் சுத்தமாகச் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். வலையில் ஓர் இழைகூட அறுபடக் கூடாது என்று பயிற்சியில் சொல்லித்தான் கொடுத்தார்கள். அது கைதவறி அறுபடுவதைச் சொல்கிறார்கள் என்று நானே ஓர் அர்த்தம் பண்ணிக்கொண்டேன். நான்தான் தெரிந்து சீவுகிறேனே, அது எப்படித் தப்பாகும் என்ற மெத்தனம். மூன்று மாதம் அப்படியே செய்தேன். என் வேகத்தைப் பார்த்து எல்லோரும் அசந்தார்கள். வெளியிலிருந்து ஆட்கள் வந்தால் சார் பதினாறாம் நம்பர் துண்டைத்தான் எடுத்துக் காட்டுவார். லைன் லீடர் பதவி எனக்குத்தான் என்று கேன்டீன்வரை பேச்சு. நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். இந்த வித்தையை யாருக்கும் சொல்லவில்லை, ஆபாவுக்குக்கூட. அந்த அல்பத்தனமும் என்னிடம் இருந்தது.

ஷூ லைனிலிருந்து இன்னொரு பழக்கமும் எங்களோடு வந்திருந்தது. பக்கத்து மிஷின்காரி எழுந்து போனால் அவளுடைய குவியலில் நாலு துண்டை நாம் தைத்துப் போடுவோம். லைன் நிற்கக் கூடாது. யார் தைத்தார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அது உதவிகூடக் கிடையாது, சும்மா ஒரு வழக்கம். ஆனால் கேபிள் கம்பெனியில் அடுத்தவள் வேலையைத் தொடக் கூடாது, அடுத்தவள் வேலைக்கு முத்திரை குத்தக் கூடாது என்பது சுவரிலேயே ஒட்டியிருக்கிற சட்டம். நாங்கள் அதைத் தினமும் பார்த்தோம், படித்தோம், தினமும் மீறினோம்.

அது நோன்பு மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்கு ஆபா தொழுகைக்கு எழுந்தாள். ஸ்டோர் ரூமில் ஒரு மூலையில் பாய் விரித்துத் தொழுவாள், பத்து நிமிஷம். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் அவள் கண் சொருகிப் போயிருந்தது. தட்டில் இன்னும் இரண்டு துண்டு பாக்கி. நீ போ, நான் பார்த்துக்கிறேன் என்றேன். அவள் வருவதற்குள் இரண்டையும் முடித்துத் தட்டில் வைத்துவிட்டேன், என் வழியில், சீவி. அவள் வந்தாள், பார்த்தாள், சிரித்தாள், இரண்டு கார்டிலும் பதினேழைக் குத்தினாள்.

மறுநாள் புதன்கிழமை. ஒன்றாக அனுப்பச் சேர்த்து வைக்கிற துண்டுகளை ஒரு கட்டு என்போம்; ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு துண்டை எடுத்து இழுத்துப் பார்ப்பார்கள். கனெக்டரை ஒரு பக்கம் கவ்வி, கேபிளை மறுபக்கம் மிஷின் இழுக்கும். அந்தத் துண்டு அதோடு வீண், விமானத்துக்குப் போகாது. எத்தனை பாரம்வரை தாங்குகிறது என்று குறித்துக்கொள்வார்கள். அதுவரை ஒரு துண்டும் தோற்றதில்லை. என் துண்டு எதுவும் அந்த மிஷினுக்கு வாய்க்காமல் இருந்ததுதான் என் கெட்ட காலம். அன்று பதினோரு மணிக்கு, பாதிப் பாரம்கூட ஏறுவதற்கு முன்னால், வளையத்திலிருந்து கேபிள் உருவிக்கொண்டு வந்துவிட்டது.

கியூசியில் ஜோலார்பேட்டைப் பெண் ஒருத்தி இருந்தாள். ரயில்வேக்காரர் மகள், இன்ஜினியரிங் படித்தவள், எங்களுக்கு மகள் வயதுதான் இருக்கும், இருந்தாலும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அவள் வளையத்தைப் பிளந்து மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்தாள். சுவரில் இருக்கிற டிவியில் அது பெரிதாகத் தெரிந்தது. சாய்வாக, மூன்றுக்கு ஒன்று, சீவிய இழைகள். மற்றவர்களுக்கு அது ஏதோ நாசமான துண்டு. எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.  மேடம் கார்டைத் திருப்பிப் பார்த்து, பதினேழு என்று வாசித்தாள்.

ஆபா என் பக்கம் திரும்பினாள். அவளுக்கும் அந்த நொடியில் தெரிந்துபோயிற்று. தன் கை அப்படிச் சீவாது என்று அவளுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை யார் அந்த இரண்டைச் செய்தது என்றும் தெரியும்.

சார் வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கும் கத்த வந்திருக்கும். எல்லோரையும் நிற்க வைத்து நிதானமாகத்தான் பேசினார்.

“வேலையில தப்பு வரும். வந்தா சொல்லுங்க. ரெண்டு வாரம் பயிற்சி, திரும்பவும் அதே மேஜை, அதே முத்திரை. மறைச்சு பொய் எழுதிக் குடுத்தா மட்டும் என்னால காப்பாத்த முடியாது. அது என் சட்டம் இல்ல, விமானத்துக்காரங்க சட்டம்.”

பதினேழாம் நம்பர் துண்டுகள் அத்தனையையும் ஒதுக்கி, சிவப்பு டப்பாவில் போட்டுப் பூட்டினார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு சார் ஆபாவிடம் ஒரு காகிதம் கொடுத்தார். என்ன செய்தாய், எப்படிச் செய்தாய், யார் செய்தது என்று தமிழிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். அவசரம் இல்லை, யோசித்து எழுது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆபா அந்தக் காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மூன்றடி தள்ளி, பூதக்கண்ணாடிக்குள் முகத்தை விட்டுக்கொண்டு, ஒரே துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து நாலு எட்டு நடந்து, அது என் கை சார் என்று சொன்னால் முடிந்தது. நான் எழவில்லை. பயம்தான், வேறென்ன. ஆபா விஷயத்தில் அது ஒரு துண்டு. என் விஷயத்தில் மூன்று மாதம். எத்தனை கட்டு போயிருக்கிறது, எங்கே போயிருக்கிறது என்று எனக்கே தெரியாது. சார் வந்தவர்களுக்கெல்லாம் காட்டிய துண்டு, லைன் லீடர் என்ற பேச்சு, என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்த பெருமை, எல்லாம் ஒரே வாயில் போய்விடும். அவளுக்கு ரெண்டு வாரப் பயிற்சிதானே, பிறகு திரும்ப வந்துவிடுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நாலு மணிக்கு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. ஆபா காகிதத்தை எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனாள். வந்து தன் பொருள்களை ஒழுங்காக அடுக்கினாள். முத்திரையை மேடமிடம் கொடுத்தாள். பயிற்சி முடிந்தால் திரும்பத் தருவார்கள் என்று மேடம் சமாதானமாக ஏதோ சொன்னது காதில் விழுந்தது.

 மறுநாள் காலை வேனில் ஆபாவே பேச்செடுத்தாள். குரலில் கோபம் இல்லை. கணக்குப் போட்டு முடித்தவள் பேசுகிற மாதிரிப் பேசினாள்.

“நான்தான் செஞ்சேன்னு எழுதிக் குடுத்துட்டேன். உன் பேர சொன்னா, அடுத்தவ வேலைக்கு ஏன் முத்திரை குத்துனேன்னு என்னையும் சேத்து புடிப்பாங்க. ரெண்டு பேரும் போவோம். இப்ப ரெண்டு வாரத்தோட முடிஞ்சிச்சு. நீ இனிமே அந்த மாதிரி சீவாத. வாய தொறக்காத.”

சரி என்று தலையாட்டினேன். இப்போது நான் பேசினால், அவள் எழுதிக் கொடுத்தது பொய் என்று ஆகிவிடும். பொய் எழுதிக் கொடுத்தால் காப்பாற்ற முடியாது என்று சார் சொன்னது என் காதிலேயே இருந்தது. ஆகவே வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அவளுக்கு நல்லது என்று எனக்கு ஒரு நொண்டிச் சாக்கு கிடைத்துவிட்டது. பள்ளிகொண்டா தாண்டும்வரை அந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகவே வந்தேன் என்றால் நம்புவீர்களா. அப்படித்தான் வந்தேன்.

உள்ளே போனால் பேக்கிங் மேஜையில் பதினாறாம் நம்பர் துண்டுகள் வரிசையாக இருந்தன. என்னுடையவை. அதே கட்டைச் சேர்ந்தவை. தப்பு பதினேழில்தான் என்று எழுத்தில் வந்துவிட்டதால் பதினாறைப் பற்றி யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஒவ்வொன்றையும் காற்றுக்குமிழ் கவரில் போட்டுப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு வண்டி வருகிறது என்றார்கள்.

மேஜையில் உட்கார்ந்தேன். தோல் உரித்தேன், வலையில் கீறல் விழுந்தது. தூக்கிப் போட்டேன். இன்னொன்று எடுத்தேன், அதுவும் போயிற்று. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருத்தர் துபாய், சவுதி என்று போயிருக்கிறார்கள். என் தம்பியே வருஷத்துக்கு ஒரு முறை விமானம் ஏறுகிறவன்தான். எந்த விமானத்தில் எந்தக் கேபிள் ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும். பேக்கிங்காரன் டேப்பை இழுக்கிற சத்தம் பரபரவென்று வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டி மூடுகிறது என்று அர்த்தம். ஆபா பயிற்சி அறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, பழைய கேபிளில் தோல் உரித்துப் பழகிக்கொண்டிருந்தாள். இரண்டு வாரத்தில் அவள் முத்திரை அவளுக்குக் கிடைத்துவிடும். நான் எழுந்தால் கிடைக்காது. அந்தப் பெட்டிகள் வண்டியில் ஏறினால் திரும்பி வராது. மணி பதினொன்று நாற்பது.

எழுந்தேன். போகிற வழியில் பேக்கிங் மேஜையிலிருந்து என் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். அந்த ஆள் ஏதோ கேட்டான், நிற்காமல் நடந்தேன். சார் அறையில் மேடமும் இருந்தாள்.

“அந்தத் துண்டு நான் செஞ்சது சார். ஆபா தொழுவப் போயிருந்தா. நான்தான் சீவுனேன். மூணு மாசமா எல்லாத்தையும் அப்படித்தான் சீவுறேன்.”

 சார் ஆபாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் உள்ளே வந்து என்னைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. இவள் சொல்வது நிஜமா என்று சார் கேட்டார்.

“இல்ல சார். என்னக் காப்பாத்தறதுக்கு இது பொய் சொல்லுது. எழுதிக் குடுத்ததுதான் நெசம்.”

மேஜைக்கு அடியில் அவள் கால் என் காலைத் தேடி வந்து மிதித்தது. பன்னிரண்டு வருஷமாக எந்த மிதிக்கு நான் அடங்கினேனோ அதே மிதி. எனக்குக் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. காலை இழுத்துக்கொண்டேன். கையில் இருந்த என் துண்டை மேஜையில் வைத்து, வளையத்தைப் பிளந்து பாருங்கள் என்று மேடமிடம் சொன்னேன். மேடம் சாரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். பிளந்தாள். மைக்ரோஸ்கோப் தேவைப்படவில்லை. சிவப்பு டப்பாவிலிருந்து நேற்றைய துண்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். சாய்வாக, மூன்றுக்கு ஒன்று. இரண்டும் ஒரே கை.

சார் மறுபடி ஆபாவிடம் கேட்டார்.  அவள் துப்பட்டா முனையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

வண்டியை வெறுமனே திருப்பி அனுப்பினார்கள். மத்தியானம் முழுக்க பதினாறாம் நம்பர் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிளந்தார்கள். பிளந்தது நான்தான், சார் என்னையே பிளக்கச் சொன்னார். மேடம் பக்கத்தில் நின்று நம்பர் வாசித்தாள். லைனில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாம் சீவியது. ஏற்கெனவே போன கட்டுகளைத் திருப்பி வாங்குவதற்கு சார் போனில் இங்கிலீஷில் யார் யாரிடமோ பேசிக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு முறை என்னிடம் வந்து, ஒருவேளை ஒன்றுமே ஆகாமல்கூட இருந்திருக்கலாம், ஆனால் ‘ஒருவேளை’ என்று கார்டில் எழுத எனக்கு உரிமை கிடையாது என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை முடிவு சொன்னார்கள். என் பதினாறாம் நம்பரை ரத்து செய்தார்கள். ஆறு வாரம் பயிற்சி, மறுபடி எல்லாப் பரீட்சையும், தேறினால் புது நம்பர். தெரியாமல் கெடுத்தவள், தானாக வந்து சொன்னவள் என்று என் காகிதத்தில் எழுதியிருந்தது. ஆபாவின் காகிதத்தில், செய்யாத வேலையைச் செய்ததாக எழுத்தில் கொடுத்தவர் என்று இருந்தது. அவளுக்கு இனி எந்த நம்பரும் கிடையாது. அடுத்தவள் வேலைக்கு முத்திரை குத்தியதோடு நின்றிருந்தால் பேசிப் பார்த்திருப்பேன், எழுதிக் கையெழுத்துப் போட்டதை நான் என்ன செய்ய முடியும் என்று சார் என்னிடம் கேட்டார். அவர் முகம் வாடித்தான் இருந்தது. பேக்கிங்கில் இடம் தருகிறேன் என்று அவளிடம் சொன்னார். ஆபா வேண்டாம் என்றாள். ஷூ கம்பெனியில் திரும்பக் கேட்டிருக்கிறேன், திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள்.

என்ன நியாயம் இது என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. கெடுத்தவள் நான். மூன்று மாதம் கெடுத்தவள் நான். யாரோடு சண்டை போடுவது? சட்டையைப் பிடிக்க ஒரு சூப்பர்வைசர்கூட இல்லை.

அவள் கணக்கு முடித்துக்கொண்டு மத்தியானமே கிளம்பினாள். கம்பெனி வேன் சாயங்காலம்தான். ஹைவே ஸ்டாப்பில் ஆம்பூர் பஸ்ஸுக்கு நின்றாள். நான் அனுமதி வாங்கிக்கொண்டு ஓடினேன். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. மன்னித்துவிடு ஆபா, நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது, உன் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும் என்று என்னென்னவோ உளறினேன். அழுதேன். அவள் தன் துப்பட்டாவால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“நீ சொன்னது தப்புன்னு நான் சொன்னனா? சொல்ல வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை மொத்தக் கட்டும் திரும்பி வருதுன்னு கேட்டதும் எனக்கே நிம்மதியாச்சு.”

 பிறகு, கோபமே இல்லாமல், என் பையின் ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னாள்.

“சார் அந்தப் பேப்பரக் குடுத்தது ரெண்டு மணிக்கு. நான் கையெழுத்து போட்டது நாலு மணிக்கு. ரெண்டு மணி நேரம் உன்னையேதான் பாத்துனு இருந்தேன். நீ தலையத் தூக்கவே இல்ல.”

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. பிறகு கிளம்பிய சத்தமும் கேட்டது.